ரீடர் வண்டிக்காரர் கையிலும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் எரர் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் குறை எண்) படிக்கும் ரீடரைச் சொந்தமாக வாங்குவது வீண் செலவு, அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை என்று வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். நான் திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன். காயில், சென்சார், வயரிங் வேலைதான் என் பிழைப்பு. ஸ்கேன் போட்டுப் பார்க்க 300 ரூபாய் வாங்குகிறேன். அந்த வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை, கார் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு ரீடர் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்றுதான் சொல்வேன். வண்டியின் கம்ப்யூட்டர் என்ன குறை பதிந்திருக்கிறது என்பது பணம் கட்டப்போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டும். இப்போது பெரும்பாலும் அவருக்குத்தான் அது கடைசியாகத் தெரிகிறது, பல நேரம் தெரியாமலே போய்விடுகிறது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே கைவிட்டுத் தடவினால் ரீடரை மாட்டும் 16 பின் சாக்கெட் ஒன்று தட்டுப்படும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில், வண்டி தன் குறையைத் தானே பதிந்து சொல்லும் இந்த ஓபிடி-2 முறை இருக்கிறது. எந்தக் கம்பெனி கார் என்றாலும் அடிப்படைக் கோடுகள் ஒன்றுதான். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. சென்னையில் ஓடும் காரிலும் அதே அர்த்தம், ஜப்பானில் ஓடும் காரிலும் அதே அர்த்தம். செல்போனோடு புளூடூத்தில் சேரும் சின்ன ரீடர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. படிப்பதற்கு இலவச ஆப்களும் உண்டு.

வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். பெட்ரோல் கார். டேஷ்போர்டில் இன்ஜின் குறையைக் காட்டும் செக் இன்ஜின் லைட் எரிந்ததும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார். சைலன்சர் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, கூலியோடு எட்டாயிரத்துச் சொச்சம் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தவர், மகன் வாங்கி வைத்திருந்த ரீடரை மாட்டிப் பார்த்தார். பி0135 என்று வந்தது. ஆக்ஸிஜன் சென்சாருக்குள் அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர் உண்டு, அதன் சர்க்யூட்டில் கோளாறு என்பது அதன் பொருள். செல்போனை என்னிடம் நீட்டி அவர் கேட்ட கேள்வி, "சென்சார்தான் போச்சுன்னு இதுல எங்க தம்பி இருக்கு?"

அதில் அப்படி இல்லைதான். ஹீட்டர் பழுதாகியிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், வயர்களைச் சேர்க்கும் கப்ளரில் துரு ஏறியிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் இதே கோடுதான் வரும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் நன்றாக இருந்தது, ஆனால் கப்ளருக்கு 12 வோல்ட் வரவில்லை. வயரைத் தொட்டுக்கொண்டே போனால் ஓரிடத்தில் எலி கடித்திருந்தது. மழைக்காலத்தில் எலிகள் சூட்டுக்காக இன்ஜின் அறைக்குள் வந்து படுப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வயரை ஒட்டி, ஸ்லீவ் போட்டு, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அந்த சர்வீஸ் சென்டர்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. கோடு வந்தால் அந்தப் பாகத்தை மாற்று என்பது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. சோதிக்க நேரம் ஆகும், மாற்ற நேரம் ஆகாது. அந்த டீச்சர் கையில் ரீடர் இருந்ததால்தான் அவரால் ஒரு கேள்வி கேட்க முடிந்தது.

தெருவில் கரண்ட் இல்லை என்று மின்வாரியத்துக்குப் போன் செய்தால் எந்தத் தெரு என்று சொல்லலாம். எந்தக் கம்பத்தில் எந்த வயர் என்பதை லைன்மேன் வந்து ஏறித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோடும் தெருவைத்தான் சொல்லும். இது புரிந்தவர்களுக்கு ரீடர் லாபம். புரியாமல் கோடைப் பார்த்ததும் ஆன்லைனில் சென்சார் ஆர்டர் போட்டு, கையில் எடுத்துக்கொண்டு "இதை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். மாற்றிய பிறகும் அதே கோடு வரும். எலக்ட்ரிக்கல் பாகத்தை மாட்டிக் கழற்றிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். கடிதம் எழுதிய வாசகரின் கவலை இதுவாக இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. அதற்குத் தீர்வு ரீடரை வாங்காதே என்பதல்ல, எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுப்பது.

கோடைவிட எனக்கு அதிகம் உதவுவது ஃப்ரீஸ் ஃபிரேம். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. குறை பதிவான அந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, வண்டி என்ன வேகத்தில் போனது, கூலன்ட் எவ்வளவு சூடு, இன்ஜினுக்கு எவ்வளவு லோடு என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் சேர்த்துப் பதிந்து வைக்கும். கொடைக்கானலுக்குச் சவாரி ஓட்டும் டிரைவர் தம்பி ஒருவர் இருக்கிறார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது மட்டும் வண்டி குலுங்கும், லைட் மின்னும். கீழே இறங்கி வந்து பட்டறையில் நிறுத்தினால் பூப்போல ஓடும். இப்படிப்பட்ட குறையைப் பிடிப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம். நான் சொன்னதைக் கேட்டு அவர் ஒரு ரீடர் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த முறை மலையிலேயே ஓரமாக நிறுத்தி, பி0302 கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். லோடு மிக அதிகம், வேகம் குறைவு. அதாவது ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும் இரண்டாவது சிலிண்டர் விட்டுவிடுகிறது. வண்டி வந்ததும், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில்களில் இரண்டாவதைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டி மறுபடி மலைக்கே அனுப்பினேன். இந்த முறை பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரின் கோடு வந்தது. குறையும் காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. ஒரு காயில் மட்டும் மாற்றினோம், வேலை முடிந்தது. அந்தப் படம் இல்லாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் என்று அவர் பணத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருப்போம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். லைட் விடாமல் எரிந்தால் பதறாமல் வீட்டுக்கு ஓட்டி வரலாம், ஆனால் சீக்கிரம் காட்டிவிட வேண்டும். லைட் மின்னி மின்னி அணைந்தால் அப்படி இல்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். அது வெந்துவிட்டால் மாற்ற ஆகும் செலவு பல ஆயிரங்கள்.

பழைய கார் வாங்கும்போது ரீடரின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். விற்கிறவர் கோடை அழித்துவிட்டு லைட் எரியாத வண்டியைக் காட்டலாம். ஆனால் கோடை அழித்தால் ரெடினஸ் மானிட்டர் எனப்படும் சுயசோதனைகளும் அழிந்துவிடும். பல நாள் பல விதமாக ஓட்டினால்தான் அவை மறுபடி முடியும். ரீடரில் அவை முடியவில்லை என்று காட்டினாலோ, கோடு அழித்த பிறகு ஓடியது 15 கிலோமீட்டர் என்று வந்தாலோ, ஏன் என்று கேளுங்கள். பேட்டரி புதிதாக மாற்றியிருந்தாலும் பல கார்களில் இப்படி வரும், அதனால் விற்கிறவர் மேல் உடனே பழி போட வேண்டாம். பேட்டரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். சாவியை ஆன் செய்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் இருக்கும்போது செக் இன்ஜின் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவில்லை என்றால் அந்த விளக்கையே யாரோ முடக்கியிருக்கக்கூடும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி முதல் கார் எடுக்கும் குடும்பங்கள் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் முன்பணம் கொடுத்துவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மலிவு ரீடரால் எல்லாம் முடியாது. பல கார்களில் ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக் கோடுகள் அதில் வராது. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதை எரித்துச் சுத்தம் செய்ய வைக்கும் கட்டளையைப் பெரும்பாலும் கம்பெனி ஸ்கேனரால்தான் கொடுக்க முடியும். பைக்குகளில் பலவற்றுக்கு சாக்கெட்டே வேறு, தனி கேபிள் வேண்டும். அப்புறம், வேலை முடிந்ததும் ரீடரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி இறங்கும். வாரன்டி உள்ள வண்டியில் படிப்பதோடு நின்றுகொள்ளுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும், கோடைக் குறித்துவைக்காமல் அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும். அதற்குப் பிறகு என்னைப் போன்றவர்களும் இருட்டில்தான் தேட வேண்டும்.

இதில் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளின் பாடும் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், பழுது பார்க்கும் கையேடுகளையும், குறை கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது அந்த வழக்கு. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது, அதில் வாகனங்களும் சேர்க்கப்பட்டன. ஆனாலும் சில கார்களில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு அதை வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பதிவு செய்யக்கூட கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வண்டிக்காரர்களே கோடு படிக்கத் தெரிந்தவர்களாக ஆனால் இந்தக் கதவு திறக்க வேண்டும் என்று கேட்பவர்கள் எங்களோடு நின்றுவிடமாட்டார்கள்.

அரசிடம் நான் கேட்பது சிறிய காரியம். சர்வீஸுக்கு விடும் வண்டியில் செக் இன்ஜின் லைட் எரிந்தால், வேலை தொடங்கும் முன் இருந்த கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் ஜாப் கார்டு எனும் வேலைச் சீட்டில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் என் பட்டறைக்கும் ஒரே விதி இருக்கட்டும். நான் இப்போதே பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன், அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

விதி வரும்வரை வாசகர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். சாவியைக் கொடுக்கும் முன் ரீடரை மாட்டி, திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனை செய்து இந்தப் பாகம் போய்விட்டது என்று முடிவு செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீசியன்,
திண்டுக்கல்.