மீட்டிங்குக்கும் ஒரு வவுச்சர் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீசில் 800 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குவதென்றால்கூட இண்டென்ட் (இது வேண்டும் என்ற கோரிக்கைச் சீட்டு) எழுதி, கொட்டேஷன் வைத்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, வவுச்சர் போட்ட பிறகுதான் காசு வெளியே வரும். அதில் தப்பொன்றும் இல்லை, அதைக் கேட்டு நச்சரிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் பன்னிரண்டு பேரை ஒரு மணி நேரம் ஓர் அறையில் உட்கார வைக்க யார் கையெழுத்தும் வேண்டாம்.

கணக்கு எளிதுதான். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து ஒருவருக்குக் கம்பெனி மாதம் சராசரியாக 75,000 ரூபாய் செலவழிக்கிறது என்று வையுங்கள். மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 176 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 426 ரூபாய். பன்னிரண்டு பேருக்கு 5,100 ரூபாயைத் தாண்டும். வாரம் தவறாமல் நடக்கிற மீட்டிங் என்றால் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல். இதில் முந்தின நாள் ராத்திரி வரை உட்கார்ந்து பிபிடி தயாரித்த பையனின் நேரம் சேரவில்லை.

அவ்வளவு செலவில் என்ன நடக்கிறது? சனிக்கிழமையே எல்லோருக்கும் மெயிலில் வந்துவிட்ட எக்செல் ஷீட்டை திங்கட்கிழமை திரையில் போட்டு வரி வரியாக வாசிக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் ப்ரொஜெக்டர் கேபிளோடு மல்லுக்கட்டவே போய்விடும். பேச வேண்டியவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பார்கள். இந்த மீட்டிங்குக்கான செலவு என்று என் கணக்கில் ஏறுவது டீ, சமோசா பில் மட்டும்தான், அதுவும் 'ஸ்டாஃப் வெல்ஃபேர்' என்ற தலைப்பில்!

இதே அம்பத்தூரில் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் மெஷின் ஹவர் ரேட், அதாவது மெஷின் ஒரு மணி நேரம் ஓட ஆகும் செலவு, எவ்வளவு என்று கேட்டவுடன் சொல்வார்கள். மெஷின் அரை மணி நேரம் நின்றால் ஏன் நின்றது என்று லாக் புக்கில் எழுதியாக வேண்டும். அதனால்தான் ஷிஃப்ட் மாறும்போது நடக்கிற பேச்சு மெஷின் பக்கத்திலேயே நின்றபடி பத்து நிமிடத்தில் முடிகிறது. ராத்திரி எந்த டூல் உடைந்தது, எந்த லாட்டில் ரிஜெக்‌ஷன் வந்தது, அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தை நான் குறை சொல்லவே மாட்டேன், அது இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்டும் அதே தப்பைச் செய்யும்.

"சம்பளம் எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம், இதில் என்ன தனிச் செலவு?" என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். சரி, அன்றைக்குக் கையிலிருந்து பணம் போவதில்லைதான். ஆனால் மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளில் எங்கள் பிரிவையே மதியம் முழுக்க ரிவ்யூவில் உட்கார வைத்து, அதனால் தேதி தப்பினால், நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், பணமாகக் கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. இது நிஜமாகவே வெளியே போகிற பணம், ஆனால் எழுதும்போது மீட்டிங் பெயரில் எழுதமாட்டோம்.

ஆன்லைன் கடைகளுக்கு மென்பொருள் தரும் கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில், மூன்று பேரோ அதற்கு மேலோ கூடுகிற வாடிக்கையான மீட்டிங்குகளை காலண்டரிலிருந்து மொத்தமாகத் தூக்கியது. அதே வருடம் ஜூலையில், மீட்டிங்குக்கு அழைக்கும்போதே உத்தேசச் செலவு காலண்டரில் தெரிகிற மாதிரி செய்தார்கள். மூன்று பேர் அரை மணி நேரம் பேசினால் 700 முதல் 1,600 டாலர் வரை ஆகிறதாம்.

நம் ஆபீஸ்களுக்கு அவ்வளவு பெரிய மென்பொருள்கூட வேண்டாம். அழைப்பு மெயிலில் இடம், நேரம் போடுகிற இடத்துக்குக் கீழே 'உத்தேசச் செலவு ரூ.' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தனி ஆட்களின் சம்பளம் தெரிந்துவிடுமே என்றால் பதவிக்கு ஒரு சராசரி மணிக்கட்டணம் வைக்கலாம். தாலுகா ஆபீஸ்களிலும் இதைச் செய்யலாம், ஆனால் அங்கே "ஐயா மீட்டிங் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப்படுகிறவரின் ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர், அம்பத்தூர்