மேசையிலிருந்து ஸ்பீக்கரைப் பிரித்து வை

அன்பின் குமரன்,

உன் கடிதமும் பாட்டுகளும் கிடைத்தன. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தா. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் அறைக்குள் இருக்க முடியாத வெக்கை, அதனால் பாட்டின் குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங் எல்லாம் இரவில்தான்.

பாட்டுகளைப் பற்றி நேராகவே சொல்கிறேன். குரல் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் (கனத்த ஒலி தரும் பக்கம்) எல்லாவற்றிலும் மெலிந்து கிடக்கிறது. உன் அறையில் அது அளவுக்கு மீறிக் கேட்டிருக்கும், அதனால் வெட்டியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். புது மொனிட்டர் ஸ்பீக்கர் வாங்க யோசிப்பதாக எழுதியிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் மச்சான். நீ அனுப்பிய படத்தில் இரண்டு ஸ்பீக்கரும் பிளைவூட் மேசையில் நேரடியாகக் குந்தியிருக்கின்றன. முதலில் அதைக் கவனி.

பாட்டைப் போட்டுவிட்டு உள்ளங்கையை மேசைக்கு அடியில் வைத்துப் பார். ஒவ்வொரு தொப்பி அடிக்கும் பலகை கையில் துடிக்கும். பிறகு 40 ஹேர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 40 அதிர்வு) 300 வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுரத்தை ஓடவிடு. என் பழைய மேசையில் 150ஐத் தாண்டியதும் பேனாப் போத்தல் கிர்ரென்று நடுங்கத் தொடங்கும், கொஞ்சம் மேலே போனதும் அடங்கிவிடும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே பாயும்போது பெட்டி பின்னே உதைபடுகிறது. அந்த உதைப்பு மேசைக்கு இறங்கி, பலகை முழுவதும் சத்தமாக வெளியே வருகிறது. தம்புராவின் குடம் செய்கிற வேலையை உன் மேசை செய்துகொண்டிருக்கிறது.

ஸ்பீக்கருக்கும் மேசைக்கும் இடையில் மெத்தென்று எதையாவது வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஸ்பீக்கரின் பாரத்துக்கு அது எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்பிரிங்குக்கான கணக்கு இது: 1 மில்லிமீற்றர் அமுங்கினால் அது தானாக ஆடும் வேகம் சுமார் 16 ஹேர்ட்ஸ். 4 மில்லிமீற்றர் அமுங்கினால் 8. அந்த வேகத்தின் 1.4 மடங்குக்கு மேலேதான் அதிர்வு தடைபடத் தொடங்கும். அதற்குக் கீழே தடுக்காது, அந்த வேகத்துக்குப் பக்கத்தில் அதிர்வைக் கூட்டியும் விடும். கட்டி இறப்பரை வைத்து அது 0.1 மில்லிமீற்றர்தான் அமுங்கினால், ஆடும் வேகம் 50 ஹேர்ட்ஸில் வந்து நிற்கும். அது சரியாக பேஸ் கிற்றார் நிற்கிற இடம். இறப்பருக்கும் ஸ்பொஞ்சுக்கும் இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது, ஆனாலும் வழி காட்டும். பாரம் கூடி ஸ்பொஞ்ச் தட்டையாக நசுங்கிவிட்டாலும் பிரயோசனமில்லை.

எங்கள் கடற்காற்றையும் மறந்துவிடாதே. மலிவான ஸ்பொஞ்ச் இந்த ஈர வெக்கையில் பிசுபிசுத்து உதிர ஆரம்பிக்கும், பூச்சில்லாத ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஸ்டான்டின் காலுக்குப் பூட்டும் கூர்முனை ஆணிகளை இதற்கென்று வாங்காதே. அவை ஸ்பீக்கரைத் தரையோடு இறுக்கிப் பிடிக்கத்தான் உதவும்.

உன் அறை சீமெந்துத் தரை என்பதால் மேசையை விட்டுவிட்டு இரும்பு ஸ்டான்டுக்குப் போவதே நல்லது என்பது என் எண்ணம். மேசைக்குப் பின்னால் தனியாக நிறுத்து. கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் உன் காது உயரத்துக்கு வரட்டும். மேசைப் பரப்பில் பட்டுத் தெறிக்கிற சத்தமும் அதோடு குறையும். அந்தத் தெறிப்பை ஸ்பீக்கருக்கு அடியில் எந்த பாட் (மெத்தை) வைத்தாலும் நிறுத்த முடியாது. பாட் வைத்ததும் சத்தம் தெளிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் பலருக்கு உண்மையில் உதவியது, அது ஸ்பீக்கரைக் கொஞ்சம் உயர்த்திச் சாய்த்துவிட்டதுதான். ஸ்டான்டின் குழாய்க்குள் மணல் நிரப்பினால் இரும்பு கணகணப்பது அடங்கும். கடற்கரை மணலை மட்டும் போடாதே, உப்பு ஈரத்தை இழுத்து உள்ளேயிருந்து அரித்துவிடும். வெயிலில் நன்றாகக் காய்ந்த ஆற்று மணல் வேண்டும்.

அறை மூலையில் பேஸ் (தாழ்ந்த ஒலி) தேங்குவதை இதெல்லாம் மாற்றாது. அது வேறு வேலை, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஒரு ஸ்பீக்கரின் நிறை எத்தனை கிலோ என்றும், அடிப்பக்கத்தின் நீள அகலத்தையும் அளந்து எழுது. உப்புவெளியில் எனக்குத் தெரிந்த பட்டறையில் ஸ்டான்ட் ஒட்டுவித்து, மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அந்தப் பாட்டுகளின் மிக்ஸை அதுவரை யாருக்கும் கொடுக்காதே.

அன்புடன்,
செல்வன்
திருகோணமலை