கருப்பனை யாருக்கும் கொடுத்துவிடாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுத அழுகை இன்னும் காதிலேயே நிற்கிறது. குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி. “நாய் முடிதான் நெஞ்சில் போய்ச் சேர்ந்திருக்கு, முதலில் கருப்பனை யாருக்காவது கொடு” என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே. ஒன்பது மாதக் குழந்தை மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் தவித்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும்.

முடியைப் பற்றி நீ இவ்வளவு பயப்பட வேண்டாம். ஒவ்வாமை வருவது நாயின் எச்சிலிலும் உதிரும் தோலிலும் இருக்கும் புரதத்தால். அதுவும் எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. ஸ்வீடனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. பிறந்த முதல் வருடம் வீட்டில் நாய் இருந்த பிள்ளைகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா சுமார் 13 சதவீதம் குறைவாக இருந்ததாம். குளிர் நாட்டுக் கணக்கு நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நாய் இருந்தாலே ஆஸ்துமா வந்துவிடும் என்பது சரியில்லை, அவ்வளவுதான். குழந்தைக்கு மூச்சு வீசிங் சத்தத்தோடு வந்தாலோ, கருப்பன் பக்கத்தில் வரும்போதெல்லாம் தோல் தடித்தாலோ, உடனே குழந்தை டாக்டரிடம் காட்டு.

நான் கவலைப்படுவது பின்கட்டு மண்ணைப் பற்றி. பாப்பா இப்போது தவழ்கிறாள், கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். நாயின் மலத்தில் உருண்டைப் புழுவின் முட்டை இருந்தால், அது மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருப்பனுக்குப் பூச்சி மருந்து கொடு. அப்புறம், எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பாப்பாவையும் அவனையும் தனியாக விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகாதே. காதைப் பிடித்து இழுத்தால் வலிக்குமே அவனுக்கும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. பெரியவனுக்கு ஆறு வயது அப்போது. மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்றான். குளிக்க வைக்க வலுக்கட்டாயமாகக் கழற்றினால், முன்கையில் மூன்று கோடு, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பூனைக்குட்டி பிறாண்டி நான்கு நாள் ஆகியிருக்கிறது! ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டால், “நீ அதைக் கொண்டுபோய் விட்டுடுவேம்மா” என்றான். ஏதாவது செய்தால் குட்டியைத் துரத்திவிடுவேன் என்று நான்தான் அடிக்கடி மிரட்டிக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் உட்கார வைத்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். கை நடுங்கியது. அரசு மருத்துவமனையில் அன்றைக்கே வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசி போட்டார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் அதைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்தினார்கள். பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். காசு வாங்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறான். ஆனால் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன். “நாயைக் கொடுத்துவிடுவோம்” என்ற பேச்சு பாப்பாவின் காதில் விழுந்து வளர வேண்டாம். நாளைக்கு ஒரு கீறல் பட்டால் முதலில் உன்னிடம் ஓடிவர வேண்டும் அவள்.

அத்தையிடம் நானே பேசுகிறேன். கருப்பனின் தடுப்பூசி அட்டை பீரோவில்தானே இருக்கும்? ரேபிஸ் ஊசி கடைசியாகப் போட்ட தேதியைப் பார்த்து இன்றைக்கே எனக்கு அனுப்பு. வருடம் தாண்டியிருந்தால் சனிக்கிழமை நான் வருகிறேன், கால்நடை மருத்துவமனைக்குச் சேர்ந்தே போவோம்.

உன்
அக்கா