ஒரு மில்லி பாலுக்கு நன்றி

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர்கள், சிஸ்டர்கள், ஆயாம்மாக்கள், தாய்ப்பால் வங்கிக்குப் பால் கொடுத்த முகம் தெரியாத அம்மாக்கள், எல்லோருக்கும் வணக்கம்.

என் மகள் 30 வாரத்தில், 1,200 கிராம் எடையில் பிறந்தாள். எப்போது பால் கொடுக்கலாம் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய ஏறக்குறைய 34 வாரம் ஆகும், அதுவரை வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் ட்யூப்தான் என்றார் பயிற்சி டாக்டர். நான் கேட்டதையே கேட்டபோதும் முகம் சுளிக்காமல் சொன்ன அவருக்கு முதல் நன்றி.

ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி. ஊட்டமெல்லாம் நரம்பு வழியாகப் போனது. இந்த ஒரு மில்லி குடலைப் பழக்க மட்டும். நைட் டியூட்டி சிஸ்டர் சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, குழாயில் பாலை ஊற்றி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். பால் தானாக இறங்க வேண்டும். அழுத்தித் தள்ளினால் நொடியில் முடிகிற வேலைதான். அவர் ஒருநாளும் தள்ளவில்லை. வயிறு உப்பியபோது பாலை நிறுத்தி, டேப் வைத்து அளந்து பார்த்து, மறுபடி ஒரு மில்லியிலிருந்து தொடங்கினார்கள்.

கையால் பால் எடுக்கக் கற்றுத் தந்தவரும் அதே சிஸ்டர்தான். முலைக்காம்பை இழுக்கக் கூடாது. கருவட்டத்துக்குப் பின்னால் விரல் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, அப்புறம் சேர்த்துப் பிழிய வேண்டும். ராத்திரியும் சேர்த்து நாளைக்கு எட்டுத் தடவையாவது. முதல் தடவை வந்த சீம்பால் கிண்ணத்தின் அடியைக்கூட மூடவில்லை. "இது போதும்மா" என்று அதை வழித்தெடுத்துப் பிள்ளையின் கன்னத்து உட்புறம் தடவினார்.

எனக்குப் பால் போதாத நாட்களில் வங்கிப் பால் வந்தது. 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பதப்படுத்திய பால். பவுடர் பால் குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து கூடுதலாம். அதனால் அந்த அம்மாக்கள் கொடுத்ததை நான் மருந்தாகத்தான் நினைக்கிறேன். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிய டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸுக்கும் இதில் பங்கு உண்டு.

ஊரிலிருந்து வந்த என் சித்தி, ஒரு சங்கு கழுதைப்பால் கொடுத்தால் பிள்ளை தேறிவிடும் என்று ஒரே பிடியாக நின்றார். ஹெட் சிஸ்டர் சண்டை போடவில்லை. சித்தியைக் கை கழுவச் சொல்லி, நாற்காலியில் சாய்த்து, பிள்ளையைக் கங்காரு முறையில் அவர் நெஞ்சோடு வைத்துக் கட்டிவிட்டார். அதன்பின் கழுதைப்பால் பேச்சே எழவில்லை! பாட்டிகளைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி இருக்கும் என்று தோன்றவில்லை.

ட்யூபிலிருந்து பாலாடைக்கு, அதாவது மூக்கு வைத்த சின்னப் பால் கிண்ணத்துக்கு, மாறியபோது பாதி பால் துண்டில்தான் வழிந்தது. பொறுமையாகத் துண்டு மாற்றிய ஆயாம்மா, உங்களுக்குத் தனியாக நன்றி. இப்போது நேராக மார்பில் குடிக்கிறாள். போன வாரம் எடை 3,100 கிராம். செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்குத் தூக்கி வருகிறோம், டியூட்டியில் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
மூன்றாம் வார்மர் பாப்பாவின் அம்மா