50 ஹேர்ட்ஸ்னு வித்துட்டு 60 ஹேர்ட்ஸ் வீடியோ கெமரா குடுத்தது சம்பந்தமா கடைசியா எழுதுற புகார்

வாடிக்கையாளர் பிரிவு மெனேஜர் ஐயா அவர்களுக்கு (அம்மாவா இருந்தா மன்னிச்சுக்கங்க, உங்க ஆபீஸ்ல யாரும் பேரே சொல்ல மாட்டேங்கிறாங்க),

வணக்கம்.

போன்ல சொல்லியாச்சு, ஈமெயில் போட்டாச்சு, பஸ் ஏறி கொழும்புக்கே வந்து சொல்லியாச்சு, இன்னமும் "செக் பண்ணிட்டு கோல் எடுக்குறோம் மிஸ்"ங்கிற ஒரே பதில்தான் கெடைக்குது, அந்த கோல் இன்னைக்கு வரைக்கும் வரல. அதனாலதான் எல்லாத்தையும் எழுத்துல தாறேன், நாளைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லைன்னு நீங்க சொல்லக்கூடாது பாருங்க.

நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர். வீடியோ எடுக்குறது எனக்குத் தொழில் இல்ல, ஆசை. கோயில் திருவிழா, காமன் கூத்து (சிவன் காமன எரிச்ச கதைய ஆடுறது), பழைய ஆளுங்க பாடுற தாலாட்டு, ஒப்பாரி இதெல்லாம் எடுத்து வெட்டி ஒட்டி வச்சுக்குவேன். போன்லயே எடுக்கலாமேன்னு எல்லாரும் கேக்குறாங்க, உங்க கவுன்டர்ல இருந்தவரும் கேட்டாரு (அவர் கதைக்கு அப்புறம் வாறேன்). போன்ல சூம் பண்ணினா முகம் கொழகொழன்னு போயிரும், ராத்திரி முழுக்க நிப்பாட்டாம எடுக்கவும் ஏலாது. அந்த பெரிய ஃபோட்டோ கெமரா நல்லதுதான், ஆனா நான் பார்த்த மாடல் எல்லாம் அரை மணித்தியாலத்துக்கு ஒரு செகண்ட் கொறைய தானா நின்னு போகுது, கூத்துல சிவன் நெத்திக்கண்ணத் தொறக்குற நேரத்துல அது நின்னா நான் என்னா செய்யிறது? அதனால எச்டி வீடியோ கெமராவேதான் வேணும்னு முடிவு பண்ணி, லென்ஸ் சூமே 20 மடங்கு இருக்கணும் (பெட்டியில கொட்டை எழுத்துல போட்டிருக்கிற டிஜிட்டல் சூம் நம்பரு எல்லாம் ஏமாத்து வேலைன்னு எங்களுக்கும் தெரியுங்க), மைக் ஓட்டை, ஹெட்ஃபோன் ஓட்டை ரெண்டும் இருக்கணும், ஏவிசிஎச்டிங்கிற வீடியோ முறையில செகண்டுக்கு 28 மெகாபிட் வரைக்கும் எழுதணும், அப்படின்னா 32 ஜிபி கார்டுக்கு ரெண்டரை மணித்தியாலம் வரும், ரெண்டு கார்டு போட்டா ஒண்ணு முடிய மத்ததுக்கு தானா தாவணும், இதெல்லாம் கொப்பியில எழுதி எடுத்துக்கிட்டுத்தான் உங்க ஷோரூமுக்கு வந்தேன்.

அந்தக் கொப்பியில முதல் வரியே "50 ஹேர்ட்ஸ் மாடல்"தான், அதாவது நம்ம ஊரு கரண்டுக்குப் பொருந்துற மாதிரி செகண்டுக்கு 50 படம் எடுக்குறது. அடிக்கோடு போட்டிருந்தேன். ஷோரூம் தம்பிகிட்ட கேட்டேன், அவரு பெட்டியில இருந்த ஸ்டிக்கரைக் காட்டி "50தான் மிஸ், நம்ம ஊருக்குன்னே வந்தது"ன்னாரு. பெட்டியில 50தான் போட்டிருந்துச்சு, அதுல பிழை இல்ல. உள்ள இருந்த சாமான்தான் 60.

இந்த விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்ல, உங்க சாமான், நீங்க விக்கிறீங்க. ஆனா உங்க ஆளுங்க யாருக்குமே தெரியல, அதனால எழுதுறேன். நம்ம நாட்டுல கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்யூப் லைட் செகண்டுக்கு 100 தடவ கூடிக் கொறையும், கண்ணுக்குத் தெரியாது. செகண்டுக்கு 50 படம் எடுக்குற கெமராவுல ஒவ்வொரு படத்துக்கும் சரியா ரெண்டு துடிப்பு விழும், எல்லாப் படமும் ஒரே வெளிச்சமா இருக்கும். 60 எடுக்குற கெமராவுல அந்த ரெண்டு முழுசா விழாது, ஒண்ணு வெளிச்சமா ஒண்ணு மங்கலா, படத்துல கருப்புப் பட்டை மேல இருந்து கீழ ஓடிக்கிட்டே இருக்கும். அமெரிக்காவுல கரண்ட்டே 60, அவங்களுக்கு இந்த கெமரா சரி. பொகவந்தலாவைக்கு?

மாசி மாசம் எங்க தோட்டத்துல காமன் கூத்து. மொதல் நாள்ல இருந்தே காமன் ஊன்றுறது, பாட்டு எல்லாம் பகல்ல கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன், அருமையா இருந்துச்சு, எச்டின்னா எச்டிதான்னு தம்பிக்குக் கூட காட்டினேன். கடைசி ராத்திரிதான் பெரிய ராத்திரி, விடிய விடிய ஆட்டம், தப்பு அடிக்கிற சத்தம் அடுத்த டிவிசனுக்கே கேக்கும். கிரவுண்டு சுத்தி ட்யூப் லைட் கட்டியிருந்தாங்க. சின்ன ஸ்கிரீன்ல பட்டை சரியா தெரியல, லேசா சிமிட்டுற மாதிரி இருந்துச்சு, ஸ்கிரீன் வெளிச்சம்னு நெனச்சேன். காலையில கம்ப்யூட்டர்ல போட்டா ரதி அழுவுற எடம், தூதன் வாற எடம், தகனம், எல்லாத்து மேலயும் பட்டை பட்டையா ஓடுது! ரதி மூஞ்சிய ஒரு செகண்ட் நிம்மதியாப் பார்க்க ஏலாது. ஃபைலோட விவரத்தைப் பார்த்தா செகண்டுக்கு 59.94 படம்னு இருக்கு, அதாவது 60 மாடல். 50 மாடல்னா 25 இல்லாட்டி 50ன்னுதானே இருக்கணும்? அப்பதான் எனக்கு கை கால் எல்லாம் நடுங்கிருச்சு.

அந்த வருஷம் ரதி வேஷம் கட்டினவரு இனிமே கட்டப்போறதில்ல, முழங்கால் முடியலைன்னு சொல்லிட்டாரு. அவருக்குக் கூத்துப் படிச்சுக் குடுத்த வாத்தியாரும் தளந்து போயிட்டாரு. நீங்க கெமராவ மாத்தித் தரலாம், அந்த ராத்திரிய மாத்தித் தருவீங்களா? எங்க தோட்டத்துக் கூத்தோட சரித்திரமே உங்க ஒரு பிழையான பெட்டியால அழிஞ்சு போச்சுன்னுதான் நான் சொல்லுவேன், கூடச் சொல்றேன்னு நீங்க நெனச்சா பரவாயில்ல. பத்து லட்சம் நட்டஈடு கேட்டாலும் தகும்.

சரி, கோவப்பட்டு எழுதக்கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்கான்.

உங்க ஹொட்லைனுக்கு அடிச்சா மொதல்ல மியூசிக், அப்புறம் இன்னொருத்தர், அப்புறம் திரும்ப மியூசிக், என் ரீலோட் காசெல்லாம் அதுலயே போச்சு. ஒரு தங்கச்சி நல்லாத்தான் பேசினாங்க, ஆனா "மெனுவுல போய் 50க்கு மாத்துங்க மிஸ்"ன்னாங்க. அப்படி ஒரு மெனு இந்த கெமராவுலயே இல்ல. இருக்குன்னா எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொல்லுங்கன்னு கேட்டா திரும்ப மியூசிக். இன்னொருத்தர் ஷட்டர, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் விழுற நேரத்த, 1/100 செகண்டுல வைக்கச் சொன்னாரு. அவரு சொன்னது ஒரு அளவுக்கு உண்மை, ஒரு படத்துக்கு ஒரு துடிப்புன்னு சரியா விழுறதால பட்டை போயிரும், ஆனா வெளிச்சம் கொறைஞ்சு ராத்திரியில படம் முழுக்க புள்ளி புள்ளியா வருது. அதோட என் மச்சாள் கிட்ட இருக்கிற 50 கெமரா வீடியோவோட இத சேர்த்து வெட்டினா ஆளுங்க நடக்குறது தவ்வித் தவ்வி நடக்குற மாதிரி இருக்கு. அதெல்லாம் சரி, லட்சத்துக்கு மேல காசு குடுத்து வாங்கின சாமானுக்கு நான் ஏன் வழி தேடிக்கிட்டு இருக்கணும்?

இப்ப அந்த கவுன்டர் மனுசன் கதைக்கு வாறேன். இதத்தான் நீங்க நல்லா வாசிக்கணும்.

சேவிஸ் சென்டருக்கு கொண்டு வந்தாத்தான் பார்க்கலாம்னாங்க. பள்ளிக்கூடத்துல லீவு போட்டு, விடியக்காலம் ஹட்டனுக்கு வந்து, கினிகத்தேன, அவிசாவளைன்னு வளைவு வளைவா பஸ்ல குலுங்கி, மடியில கெமராவ புள்ளை மாதிரி வச்சுக்கிட்டு வந்து சேர்ந்தா நம்பர் துண்டு குடுத்து ஒக்கார வச்சிட்டாங்க. பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் போயிட்டு வந்தாங்க, நான் அப்படியே இருந்தேன். கூப்பிட்டவரு தமிழ்லயே பேசினாரு, எனக்கு அவ்வளவு சந்தோஷம், சொல்றது வெளங்கும்னு நெனச்சேன். அவரு மொதல்ல கேட்டது என்னா தெரியுமா? "ஆரு மிஸ் கெமரா புடிக்கிறது, ஹஸ்பனா?" நான்தான்னு சொன்னேன். சிரிச்சாரு. அப்புறம் அட்ரஸப் பார்த்துட்டு "ஓ, எஸ்டேட்டா? எஸ்டேட் கரண்டுக்கு இப்படித்தான் இருக்கும், கெமராவுல ஒண்ணும் இல்ல, வீட்டு வயரிங்க பாருங்க"ன்னாரு.

எஸ்டேட் கரண்டாம். தோட்டத்துக்கு வாற கரண்ட்டும் கொழும்புக்கு வாற கரண்ட்டும் ஒரே 50 ஹேர்ட்ஸ்தான் ஐயா. சொல்லப்போனா நீங்க அந்த ஏசி ரூம்ல ஒக்காந்திருக்கிற கரண்ட்டுல ஒரு பங்கு லக்ஸபான, கொத்மலைன்னு எங்க மலைத் தண்ணியில இருந்துதான் வருது. இத அவருகிட்ட சொன்னேன், "சரி சரி மிஸ், லெக்சர் வேணாம்"னாரு. அங்க நின்ன எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் ஒரு டீச்சர், இவ்வளவு பேருக்கு முன்னால யாரும் என்னைய அப்படிப் பேசினதில்ல.

அதோட விட்டாரா? கெமராவ எடுத்து ஜன்னல்கிட்ட போய் ரோட்டுல போற பஸ்ஸ ஒரு நிமிஷம் எடுத்தாரு, போட்டுக் காட்டி "பாருங்க, நல்லாத்தானே இருக்கு"ன்னாரு. பட்ட பகல்! வெயில்ல எங்கங்க பட்டை வரும்? தலைக்கு மேல ட்யூப் லைட் எரியுது, அதைப் புடிங்கன்னு காட்டுறேன், அதை மட்டும் புடிக்க மாட்டேங்கிறாரு. "குறை எதுவும் இல்லை"ன்னு சீல் குத்தி துண்டு குடுத்துட்டாரு. அப்புறம் இன்னொருத்தர் வந்து, ஒங்க ஊர் பனி உள்ள போயிருக்கும், வச்சிட்டுப் போங்க பார்க்கிறோம்னாரு. நான் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு பையில வைக்கிற ஆளு, வெளிக்குளிர்ல இருந்து அடுப்படிச் சூட்டுக்கு வந்தா லென்ஸ் வேர்க்கும்னு பைய ஒடனே தொறக்கக்கூட மாட்டேன். இருந்தாலும் நம்பி வச்சிட்டு வந்தேன். திரும்பவும் அதே பஸ், அதே வளைவு, கெமரா எடுக்க மறுபடி ஒரு தடவ கொழும்பு, அதே துண்டு, அதே "குறை எதுவும் இல்லை".

முக்கியமான விஷயத்தை கோவத்துல விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரையும் கெமரா அடியில இருக்கிற நம்பரையும் வச்சுப் பார்த்தேன், ரெண்டும் வேற வேற. வொரண்டி கார்டுல பெட்டி நம்பர்தான் எழுதியிருக்கு. அப்படின்னா 50 மாடலோட பெட்டியில 60 மாடல வச்சு வித்திருக்கீங்க. தெரிஞ்சு செஞ்சீங்களா தெரியாம நடந்துச்சான்னு எனக்குத் தெரியாது, ஆனா என் கெமராவ மேசை மேல வச்சு செக் பண்ணின உங்க ஆளுங்க ஒருத்தருக்கும் இந்த நம்பரப் பார்க்கத் தோணலையா? மூணு போட்டோவும் இதோட வச்சிருக்கேன், பில்லும் வச்சிருக்கேன், பட்டை ஓடுற வீடியோவ சிடியில போட்டிருக்கேன்.

இந்தக் காசு சும்மா வந்த காசு இல்ல. கொஞ்சம் என் சீட்டுக் காசு, மிச்சம் அம்மாவோட ஈபிஎஃப். அவங்க வாழ்க்கை முழுக்க மலையில கொழுந்து பறிச்ச காசு அது. அம்மா ஒண்ணும் கேக்கல, ஆனா அடுத்த காம்பராவுல இருக்கிறவங்க தெனமும் "கெமரா சரியாயிருச்சா புள்ள"ன்னு கேக்குறாங்க, எனக்கு பதில் சொல்லி வாய் வலிக்குது.

தயவுசெஞ்சு கேக்குறேன், இதே மாடல்ல நெசமான 50 ஹேர்ட்ஸ் கெமரா ஒண்ணு மாத்திக் குடுங்க, பெட்டி நம்பரும் கெமரா நம்பரும் ஒண்ணா இருக்கிற மாதிரி. ஸ்டொக் இல்லைன்னா முழுக்காசையும் திருப்பிக் குடுங்க, பாதிக் காசுக்கு வேற மாடல் எடுங்கன்னு தயவுசெஞ்சு சொல்ல வேணாம், அத ஏற்கனவே ஒருத்தர் சொல்லிட்டாரு. நான் கொழும்புக்கு அலைஞ்ச செலவையும் குடுக்கணும். இன்னொரு தடவ நான் வர மாட்டேன், ஹட்டன்ல உங்க டீலர் கடை இருக்கு, அங்க அனுப்பி வைங்க. உங்களோட சண்டை போடணும்னு எனக்கு ஆசையில்ல ஐயா, நல்ல கெமரா கெடைச்சா நாலு பேருக்கு உங்க கடையத்தான் சொல்லுவேன்.

ஆனா இந்த மாசம் முடியுறதுக்குள்ள பதில் வரலைன்னா பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன், 1977 நம்பர் எனக்கும் தெரியும். 2003ஆம் வருஷத்து 9ஆம் இலக்கச் சட்டத்துல 13ஆம் பிரிவு, குடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத சாமான வித்தா முறைப்பாடு செய்யலாம்னு இருக்கு, வாசிச்சிட்டுத்தான் எழுதுறேன். அந்தத் துண்டும் ரெண்டு சீரியல் நம்பரும் போதும். அந்த கவுன்டர்காரர் பேரும் வேணும், அவர் சட்டையில பேர் அட்டையைக் கழட்டி வச்சிருந்தாரு, ஆனா துண்டுல அவர் கையெழுத்து இருக்கு. அவரு என்கிட்ட எழுத்துல மன்னிப்புக் கேக்கணும். கரண்ட்டப் பத்தி அவர் சொன்னது பிழைன்னும் அதுல எழுதணும், இத நான் விடமாட்டேன்.

பதில தமிழ்ல அனுப்புங்க. போன் பண்றதா இருந்தா ரெண்டு மணிக்குப் பொறகு பண்ணுங்க, அதுக்கு முன்ன வகுப்புல இருப்பேன்.

இப்படிக்கு,
பில்லுல பேர் இருக்கிற வாடிக்கையாளர்

பி.கு: சேவிஸ் சென்டர்ல இருந்து கெமரா திரும்பி வந்தப்ப உள்ள இருந்தது என் பெட்டரி இல்ல. என்னோடது கம்பனிப் பேர் போட்ட ஒரிஜினல், இப்ப இருக்கிறது பேரே இல்லாத ஒண்ணு, ஒரு மணித்தியாலம்கூட தாங்க மாட்டேங்குது. மாத்தின கெமராவோட என் பெட்டரியையும் சேர்த்து அனுப்புங்க.