கரண்ட் திரும்பி வரும்போது

செங்கோட்டை

அன்புள்ள ஆறுமுகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. ஆவணி பிறந்ததும் அம்மாவையும் மதினியையும் கூட்டிக்கொண்டு புனலூரை விட்டு இங்கே பூர்வீக வீட்டுக்கே வந்துவிடப் போகிறாய் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. இங்கே வீட்டுச் சாமான் பாழாவது கரண்ட் இல்லாத நேரத்தில் இல்லை, அது திரும்பி வருகிற முதல் பத்து நிமிஷத்தில்தான். நகராட்சிக் குழாய்த் தண்ணீருக்கும் இதே கதிதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்குப் பணம் போடுவது, எதற்கு வேண்டாம் என்பது தானாகத் தெரியும்.

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே அடிக்கிற காற்று உனக்குத் தெரியாததா? ஒரு தென்னை மட்டை கம்பியில் உரசினாலே ஃபீடர், அதாவது சப்-ஸ்டேஷனிலிருந்து நம் பக்கம் வரும் லைன், ட்ரிப் ஆகிவிடும். சப்-ஸ்டேஷனில் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். மட்டை இன்னும் அங்கேயே கிடந்தால் மறுபடியும் ட்ரிப் ஆகும். வந்து வந்து போவது அதனால்தான். ஒருவழியாகக் கரண்ட் நிலையாக வந்ததும் தெருவில் உள்ள ஃப்ரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளி, லைன் முடிகிற இடத்தில் இருக்கும் வீடுகளில் 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 170-க்குக் கீழே போய்விடும். உங்கள் வீடும் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது.

அந்த வோல்டேஜில் மோட்டார் கிளம்ப முடியாமல் முனகும். சுற்றாத மோட்டார் பல மடங்கு ஆம்பியர் இழுத்துக் காயிலைச் சூடாக்கும். ஃப்ரிட்ஜில் இன்னொரு தொல்லை. கம்ப்ரசர் நின்றவுடன் உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவே இருக்கும், அது சமமாக மூன்று நிமிஷமாவது வேண்டும். போன கரண்ட் அரை நிமிஷத்தில் வந்தால் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்பப் பார்த்துத் திணறும். அதனால் ஸ்டெபிலைசர் வாங்கும்போது 'டைம் டிலே' இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. கரண்ட் போனவுடன் மோட்டார், டிவி, கிரைண்டர் ஸ்விட்சுகளை அணைத்துவிடச் சொல். வந்த பிறகு பத்து நிமிஷம் கழித்துப் போட்டால் போதும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் வந்ததே தெரியாது என்பதால், நடையில் ஒரு பல்பை மட்டும் இன்வெர்ட்டரில் சேர்க்காமல் மெயின் லைனிலேயே விட்டு வை.

உங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ். ஒரு ஃபேஸ் போனால் தெருவே ஃபேஸ் மாற்றும் ஸ்விட்சான சேஞ்சரைத் திருப்பி இருக்கிற ஃபேஸுக்கு மாறும். கொஞ்ச நேரத்தில் அந்த ஃபேஸின் ஃபியூஸும் போகும். மாற்றினால் விளக்கு, ஃபேனுக்கு மட்டும் மாற்று. மோட்டாரும் கீசரும் அப்படியே கிடக்கட்டும்.

இதைவிட மோசம் நியூட்ரல், அதாவது மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி, கட் ஆவது. கம்பத்தில் உள்ள அலுமினியக் கம்பி இணைப்பு காற்றில் ஆடி ஆடித் தளர்ந்துபோகும். நியூட்ரல் விட்டால் ஒரு அறை பல்பு மங்கும், அடுத்த அறை பல்பு கண் கூசும் அளவுக்கு எரியும், ஃபேன் பறக்கும். 230 போக வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிக்கூடப் போகலாம். பார்த்த கணமே மெயினை அணைக்க வேண்டும், யோசிக்கவே கூடாது. அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் இது நடந்தால்? அதற்காகத்தான் மெயின் போர்டில் ஓவர்-அண்டர் வோல்டேஜ் ரிலே ஒன்று மாட்டச் சொல்கிறேன்; வோல்டேஜ் அளவுக்கு மீறிக் கூடினாலும் குறைந்தாலும் அதுவே லைனைத் துண்டித்துவிடும். கீழே 180-க்கும் குறைவாக, மேலே 260, திரும்ப இணைக்க மூன்று நிமிஷம் என்று வைக்கச் சொல். இன்வெர்ட்டருக்கு முன்னாலேயே வாங்க வேண்டியது இது. புகார் சொல்லும்போது "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல் "நியூட்ரல் கட்" என்றே சொல், லைன்மேன் கம்பத்தைப் பார்க்க வருவார். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, நாள் முழுக்க எடுப்பார்கள். மின் இணைப்பு எண் கேட்பார்கள், அதை மீட்டர் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி வை.

இனி இன்வெர்ட்டர். ஒரு 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது 800 சொச்சம் என்று வைத்துக்கொள். பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். மூன்று ஃபேன், ஐந்து எல்.இ.டி. பல்பு ஓடினால் மூன்று மணி நேரம். அதே ஃபேன்களை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ஆறு மணி நேரம். இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கிற காசை ஃபேனுக்குக் கொடு என்பேன். இன்வெர்ட்டர் சைன் வேவ்தான் வாங்க வேண்டும், 900 வி.ஏ. தாராளம்.

பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், யூ.பி.எஸ். என்றும் நார்மல் என்றும். யூ.பி.எஸ்.ஸில் வைத்தால் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கியதும் கரண்டே இல்லை என்று நினைத்து பேட்டரிக்கு மாறிவிடும். லோ வோல்டேஜ் ஊரில் சாயங்காலம் முழுக்க பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், நிஜமாகக் கரண்ட் போகும்போது ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் நார்மலே சரி. 150 ஏ.எச். பேட்டரிக்கு 15 ஆம்பியர் சார்ஜ். நன்றாக இறங்கியது முழுதாக ஏற பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரைகுறையாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. இரண்டு வருஷத்தில் பேட்டரி போய்விட்டது என்கிற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம், இல்லையென்றால் தண்ணீர்.

பேட்டரியின் மேலே ஆறு மிதவைக் குச்சிகள் தெரியும். பச்சைக் கோட்டுக்குக் கீழே போய்ச் சிவப்பைத் தொடுமுன் டிஸ்டில்ட் வாட்டர் விடு. குழாய்த் தண்ணீர், போர்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் ஆகாது. ஆசிட் ஒருபோதும் ஊற்றாதே; வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்தால் இன்வெர்ட்டரை அணைத்து, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துத் துடை, மூடிக்குள் ஒரு சொட்டுகூடப் போகாமல். காய்ந்ததும் வாஸ்லின் தடவு. சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வரும் என்பதால் பூஜை அறையில் வைக்காதே. அடைத்த அலமாரியும் வேண்டாம்.

மாடியில் சோலார் போட்டால் கரண்ட் பிரச்சினை தீருமா என்றும் கேட்டிருக்கிறாய். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, பில் குறையும். ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்மீது உன் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதே காரணத்துக்காக ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் பிளக்கில் சொருகி வீட்டுக்குள் ஏற்றும் வழக்கத்தை அனுமதிக்காதே, மெயின் லைனைப் பிரித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் கூடவே கூடாது. அதில் போவது ஒரு லைன்மேனின் உயிர். பேட்டரியோடு வரும் ஹைபிரிட் சோலார் கரண்ட் போனாலும் ஓடும், விலை அதிகம். அவசரப்படாமல் பிறகு பார்க்கலாம்.

தண்ணீருக்குப் புனலூரில் வீட்டுக் கிணறு இருந்தது. இங்கே குழாயை நம்ப வேண்டும், தினமும் வராது. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான கணக்கு. நாலு பேருக்கு 540. நாலு நாள் தாங்க 2,200 லிட்டர் வேண்டும். ஆக, தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்ப் 2,000-க்கும், மேலே டேங்க் 1,000-க்கும் இருந்தால் நிம்மதி.

தண்ணீர் நிற்கும் நாட்களில் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும். எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தண்ணீர் விடும் நாளில் முதலில் வருவதை சம்புக்குள் விடக்கூடாது. கலங்கலும் வாடையும் போகும்வரை செடிக்குத் திருப்பிவிடு. இன்லெட் குழாயில் அதற்கென்று தனி வால்வு போட்டுக்கொள். சிலர் நகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், தெரு முழுக்க உள்ள சாக்கடையைத் தங்கள் வீட்டுக்கே இழுக்கிறார்கள். இதில் எனக்கு ஆத்திரமே வரும்.

சம்ப் கழுவிய பிறகும், மழைக்காலக் கலங்கலிலும் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் ப்ளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டாதே. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடு. திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பதை இதற்காக நிறுத்த வேண்டாம்.

மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால் குழாயில் நிற்கும் தண்ணீர் முழுதும் கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தாங்குவது உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வு. அதன் மடலுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு நார், ஒரு மணல் பொடி சிக்கினால் போதும், சொட்டுச் சொட்டாக வடிந்து காற்றுப் பிடித்துவிடும். ஸ்விட்ச் போட்டபடியே இருந்து கரண்ட் வந்தால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி சீல் கருகும். கரண்ட் போனதும் மோட்டாரை அணைக்கச் சொன்னது இதற்காகவும்தான். மேலே டேங்குக்கு ஏறும் டெலிவரி குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு (என்.ஆர்.வி.) ஒன்று போடு, ஃபுட் வால்வை மழைக்கு முன் கழற்றிக் கழுவு. புதிதாக வாங்குவதானால் சம்புக்குள்ளேயே மூழ்கி இருக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் அரை ஹெச்.பி. வாங்கிவிடு, காற்றுப் பிடிக்கும் பேச்சே கிடையாது.

ஐப்பசி இடிக்கு முன் எர்த் குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். வீடு பூட்டிக் கிடந்ததால் கம்பி அரித்திருக்கும். எர்த் சரியில்லாமல், இடியில் பாயும் அதிக வோல்டேஜை மண்ணுக்குள் இறக்கும் சர்ஜ் அரெஸ்டரை மாட்டிப் பயனில்லை. எலக்ட்ரீஷியனை வரச் சொல்கிறேன். அதற்குள் நீ பழைய சம்பின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் தேடி எழுது. வீட்டுப் பத்திரத்தோடு இருந்த வரைபடத்தில் இருக்கும். அம்மாவுக்கு என் நமஸ்காரம், மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணபதி