பம்பளிமாஸ் ஊர்ல ஒரு தாளிப்பனை

டேய் சேகர்,

கால் வலி இப்ப எப்படி இருக்கு, எண்ணெய் தடவுறியா? நான் மொரீஷியஸ்ல பொண்ணு வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. நேத்து பாம்பிள்முஸ் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அந்த ஊர் பேரு வேற ஒண்ணுமில்ல, நம்ம பம்பளிமாஸ் பழம்தான்டா, கேட்டதும் அவ்ளோ சந்தோஷம் எனக்கு.

1730கள்ல லபூர்தொனேன்னு ஒரு ஃப்ரெஞ்சு கவர்னர் வாங்கின எஸ்டேட் அது, மோன் ப்ளெசிர்னு பேரு, அப்ப வெறும் காய்கறித் தோட்டம். புதுச்சேரிலருந்து நம்ம கைவேலைக்காரங்களக் கப்பல்ல கூட்டிட்டு வந்தவரும் இவர்தான். அப்புறம் பியர் புவாவ்ர்னு ஒருத்தர் வந்தார். ஜாதிக்காய், கிராம்பு ரெண்டையும் இந்தோனேசியா பக்கம் இருக்கிற மொலுக்கஸ் தீவுகளை விட்டு வெளிய போகவிடாம டச்சுக்காரங்க காவல் காத்துட்டு இருந்த காலம், இவர் ஆள் அனுப்பி ரகசியமா கன்னுங்களை எடுத்துட்டு வரவச்சு, 1770ல இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்துச்சு. நம்ம அம்மாங்க உரைகல்லுல இழைச்சு நம்ம நாக்குல தடவின ஜாதிக்காய்டா அது, அந்த மரத்தடிலருந்து நகரவே மனசு வரல.

பெரிய அல்லிக் குளத்துல இலை ஒவ்வொண்ணும் விளிம்பு மடிச்ச தாம்பாளம் மாதிரி மிதக்குது, பூ முதல் ராத்திரி வெள்ளை, மறுநாள் ரோஸ் ஆயிடுமாம்.

ஆனா உனக்கு எழுத உக்காந்ததே தாளிப்பனைக்காகத்தான். ஓலை ஒண்ணு விரிஞ்சா நாலு பேர் மழைக்கு ஒதுங்கலாம், அவ்ளோ அகலம். முப்பது வருஷமோ அறுபது வருஷமோ சும்மாவே நிக்கும், அப்புறம் ஒரே ஒரு தடவை உச்சில லட்சக்கணக்குல பூத்துக் காய்ச்சு அப்படியே பட்டுப்போயிடும். நான் பாத்த மரம் இன்னும் பூக்கல, அதுல எனக்கு ஒரு நிம்மதி.

சீதாளம்னு சொல்வாங்களே, சுவடி எழுதற ஓலை, அது இந்த மரத்தோடதுதான். உடனே உங்க தாத்தாவோட வைத்தியச் சுவடி ஞாபகம் வந்துச்சு, பரண்ல மஞ்சத்துணில கட்டி வச்சிருப்பீங்களே. சாதாப் பனை ஓலைன்னா தடிமனா, அகலம் கம்மியா இருக்கும், சீதாளம்னா மெல்லிசா, அகலமா, வளைச்சா நல்லா வளையும். நீ வளைச்சு கிளைச்சுப் பாக்காதே, பழசு, ஒடிஞ்சிரும். பரண்ல நீ ஏறாம பையனை எடுத்துத் தரச் சொல்லி, ஒரு ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்பு, காத்துட்டு இருக்கேன்.